கழுத்துச் சூடு

சங்கிலி சுடுகிறது, தங்கம் என்றால் குளிர்ந்து கிடக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன், இது இப்போதுதான் ஒரு கழுத்திலிருந்து கழன்று வந்த சங்கிலி, அந்தக் கழுத்தின் வேர்வையும் பவுடர் வாசமும் சூடும் அப்படியே இருக்க, என் காதுக்குக் கீழே தாடை எது கழுத்து எது என்று தெரியாமல் உப்பிக் கிடக்கும் சதைமேல் இரண்டு வடமாக வந்து விழுகிறது, கொக்கி மாட்டுகிற விரல்கள் பிடரி முடியையும் சேர்த்து இழுக்கின்றன, ஆ என்கிறேன், வாய் திறக்கவில்லை, ஆ என்பதும் ம் என்றுதான் வருகிறது, அசையாதீங்க அத்தான், கொக்கி விழ மாட்டேங்கு, என்கிறாள் வடிவு, என் அத்தை மகள் சண்முகவடிவு, அவளுக்குப் பதினாறு, எனக்குப் பத்தொன்பது, கால்நடை ஆய்வாளர் பயிற்சியிலிருந்து பொங்கல் லீவுக்கு வந்தவன் மாட்டுப் பொங்கலன்று காய்ச்சலில் விழுந்தேன், மறுநாள் கண்ணாடியில் பார்த்தால் முகம் பூசணிக்காய், அம்மா ஒரே ஒரு பார்வைதான் பார்த்தாள், யாத்தே, பொன்னுக்கு வீங்கில்லா வந்துருக்கு, என்று சேலையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பேர், அதுதான் வைத்தியமும், பொன்னைக் கேட்டு வீங்குகிற வீக்கம், பொன்னைப் போட்டால் வற்றிவிடும், ரெட்டை வடமாக இருந்தால் இன்னும் சீக்கிரம், எங்கள் வீட்டில் அம்மாவின் மூக்குத்தியைத் தவிரப் பொன் என்று ஒன்றும் கிடையாது, ஆகவே இரண்டு தெரு தள்ளி ஆவுடையம்மாள் அத்தை வீடு, அப்பாவின் கூடப் பிறந்தவள், சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பினால் என்ன, கூடாதாம், கழுத்துச் சூடு ஆறுவதற்குள் போட்டால்தான் பலிக்குமாம், மகளையும் சங்கிலியையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் அத்தை, பாத்தீங்களா மதினி, தாலி கட்ட வேண்டியவன் கழுத்துல எம்மவ முந்திக்கிட்டுச் சங்கிலியப் போட்டுட்டா, என்று அத்தை சிரிக்க, அம்மா சிரிக்க, வடிவு வெட்கப்பட்டு ஓடவெல்லாம் இல்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள், எப்பக் குடுக்கட்டும் என்று அம்மா கேட்கிறாள், என்ன அவசரம், வத்துன பொறவு குடுத்தாப் போதும், என்கிறாள் அத்தை.

வற்றத்தான் செய்தது, அதை யார் இல்லை என்றது, மூன்றாம் நாள் வலப்பக்கம், நாலாம் நாள் இடப்பக்கம், பாத்தியளா சங்கிலி வேலைய என்று அம்மா தண்ணீர்க் குழாயடியில் நின்று தெருவுக்கே சொன்னாள், நான் கஞ்சி குடித்தேன், கண்ணாடியில் பழைய மூஞ்சி திரும்பி வந்திருந்தது, ஐந்தாம் நாள் விடியற்காலை காய்ச்சல் மறுபடி வந்தது, தனியாக வரவில்லை, கீழே, எப்படிச் சொல்ல, நாற்பத்தேழு வயதாகிறது, இன்றைக்கும் எனக்கு அந்த இடத்துக்கு வாயில் ஒரு சொல் வருவதில்லை, காளைக்கு என்றால் விதை என்று ஊர் நடுவில் நின்று கத்துவேன், விதை அடிப்பது எங்கள் உத்தியோகத்தில் பாதி, எனக்கென்று வந்தால் கீழே, கீழே இரண்டு பக்கமும் கல்லாக வீங்கி, வேட்டி உரசினால் உயிர் போகிறது, புரள முடியவில்லை, தலையணையை மடியில் அணைத்துக்கொண்டு காலை அகட்டிக் கிடக்கிறேன், அம்மா சூடு என்கிறாள், பொங்கல் கரும்பைக் கட்டுக்கட்டாகத் தின்றால் இப்படித்தான் என்கிறாள், அப்பா கண்டக்டர், எப்போதும் லைனில் இருக்கிற மனுஷர், அன்றும் எங்கோ ஒரு பஸ்ஸில் விசில் ஊதிக்கொண்டிருந்தார், தங்கையா கம்பவுண்டர்தான் சைக்கிளில் வந்து ஊசி போட்டார், நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், வேற எங்கயும் வலிக்காடே. அவர் தெரிந்துதான் கேட்டிருக்கிறார், இப்போது புரிகிறது, அந்த வயதுப் பையன்களிடம் அதைக் கேட்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது, நான் வாயைத் திறக்கிறேன், கட்டிலோரம் வெந்நீர்ச் செம்போடு வடிவு நிற்கிறாள், அவள் சங்கிலி என் கழுத்தில் கிடக்கிறது, வடிவு நிற்கும்போது நான் அதை எப்படிச் சொல்வேன், நீங்கள் சொல்வீர்களா, சரி, நீங்கள் பெரிய ஆள், நான் சொல்லவில்லை, இல்ல, என்றேன், ஒரே சொல், இல்ல, கம்பவுண்டர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இதில் சிரிப்பு என்ன தெரியுமா, லீவுக்கு வருவதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் கோமாரி நோய் நடத்தினார்கள், அது வைரஸ், வாயிலும் குளம்பிலும் புண்ணாகத் தெரியும், உடம்பு முழுக்க ஓடும், கோமாரி கண்ட காளையிடம் விந்து எடுக்கக் கூடாது என்று நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டவன் நான், காளைக்குத் தெரிந்த நியாயம் எனக்குத் தெரியவில்லை, தாடையில் வந்த வைரஸ் கீழே இறங்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை, பத்து நாளில் வலி போயிற்று, வீக்கம் போயிற்று, பிறகு தொட்டுப் பார்த்தால் இரண்டும் முன்னைவிடச் சிறுத்து, ஊறப்போட்ட கடலை காய்ந்த மாதிரி, அப்பாடா வற்றிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடையன், சந்தோஷமே பட்டேன். சங்கிலியை அம்மா மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அத்தை அதை அங்கேயே மகள் கழுத்தில் போட்டாளாம், ஏழு வருஷம் கழித்து அந்தக் கழுத்தோடேயே அது என் வீட்டுக்கு வந்தது, கல்யாணப் பந்தலில் கிழவர் கிழவி எல்லாருக்கும் அதே பேச்சு, மாப்பிள்ளைக்கு உயிர் குடுத்த சங்கிலில்லா, என்று வடிவின் கழுத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள், முதல் ராத்திரி அவளும் அதைத்தான் சொன்னாள், அன்னைக்கே உங்க மூஞ்சியப் பாத்துட்டேன் அத்தான், இனி எது வந்தாலும் பயமில்ல, என்றாள், பூசணிக்காய் மூஞ்சி, என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு மாட்டாஸ்பத்திரியில் வேலை, நைட்ரஜன் கேனை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன், மாடு கத்துது சார் என்று காலையில் போன் வந்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சினை ஊசி போட்டாக வேண்டும், காளை விந்து உறைந்து கிடக்கும் குச்சியைக் கேனிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, கையுறையை மாட்டி, ஒரு கை உள்ளே, ஒரு கையில் ஊசி, என் கை ராசியான கை, இது சுத்துப்பட்டு பதினெட்டு ஊருக்கும் தெரியும், சார் கை வச்சா ஒரே ஊசியில நிக்கும், என்பார்கள், நம்ம ஏரியாவுல பாதிக் கன்னுக்குட்டி சார் சாயல்தான், என்று டீக்கடையில் எவனாவது சொல்வான், எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், கல்யாணமான புதிதில் வாய்விட்டுச் சிரித்தேன், இரண்டு வருஷம் போனபின் பல்லை மட்டும் காட்டினேன், அதற்கப்புறம் அந்தப் பேச்சை என் முன்னால் எவனும் பேசவில்லை, பேசாமல் விட்டதுதான் அதைவிடக் கஷ்டம், எலவெடுத்தவன்கள், சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

வடிவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லாத டாக்டர் கிடையாது, ஆனாலும் மாத்திரை கொடுத்தார்கள், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள், குழாயில் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள், அன்றைக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், வலிக்கா என்றேன், வலிச்சாத்தான என்ன, கெடைச்சாச் சரி, என்றாள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனேன். எந்த டாக்டர் என் பெயரில் டெஸ்டுக்கு ஒரு சீட்டு எழுதினாரோ அந்த டாக்டர் சரியில்லை என்று வடிவிடம் சொல்லிவிடுவேன், அங்க கூட்டம் ஜாஸ்தி, அந்தம்மா மூஞ்சியக் குடுத்தே பேசல, வேற எடம் பாப்போம், என்பேன், அவளும் சரி அத்தான் என்பாள், இப்படி ஐந்து டாக்டர், ஐந்து சீட்டு, ஐந்தையும் வண்டி டூல்ஸ் பாக்ஸில் மடித்து வைத்திருந்தேன், கிழித்துப்போடவும் தைரியமில்லை, கொடுக்கவும் தைரியமில்லை. கல்யாணமாகி நாலாம் வருஷம் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் நான் மட்டும்தான், சாணியில் புழு முட்டை பார்க்கிற மைக்ராஸ்கோப் மேஜைமேல் இருந்தது, முதலில் ஒரு காளைக் குச்சியை உருக்கிக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், அடேயப்பா, சந்தை நாள் கூட்டம் மாதிரி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, நெரித்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் எல்லாம் ஓடின, பிறகு கதவைத் தாழிட்டேன், பிறகு என்னுடையதை வைத்தேன். ஒன்றும் ஓடவில்லை. இரண்டு காற்றுக் குமிழி, ஏதோ தூசி, வெள்ளை வெளி, லென்ஸைத் துடைத்தேன், வேறு லென்ஸைத் திருப்பினேன், கண்ணாடித் துண்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன், ஒன்று, ஒரே ஒரு நொண்டியாவது கிடக்காதா என்று கால் மணி நேரம் தேடினேன், கோளாறு மைக்ராஸ்கோப்பில் இருக்கலாம் என்று மறுபடி காளையை வைத்தேன், காளை ஓடிற்று. அந்தக் கண்ணாடித் துண்டுகளை, செத்துப் பிறந்த கன்றுகளைப் புதைக்கிற குழியில் கொண்டுபோய்ப் போட்டு மண்ணைத் தள்ளினேன், கையைக் கழுவினேன், ஒரு ஆட்டுக்குக் கழிச்சல் என்று ஒரு அம்மா வந்து நின்றாள், மருந்து கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம், அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று கறிகூட வாங்கிக்கொண்டு போனேன், அவள் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போகலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டிருக்காவ, ஆனா வளையல் போடக் கூப்பிட மாட்டாவ, சும்மா போயி ஓரமா உக்காந்துட்டு வாரேன், என்றாள், இந்த ஆள் என்ன செய்திருக்க வேண்டும், இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும், கறியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். ஒரு வருஷம் தள்ளியது இரண்டு வருஷம் ஆயிற்று, ஆறாம் வருஷம் ஆடியில் அவள் மண்சோறு தின்றாள், பிள்ளை வேண்டிப் பெண்கள் கோயில் தரையில் சோற்றைக் கொட்டிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் எடுத்துத் தின்பார்கள், அம்மன் சன்னிதி வெளிப் பிரகாரத்தில் வரிசையாக இருபது பெண்கள், ஈரச் சேலை, குனிந்த தலைகள், வடிவு ஆறாவது ஆள், அவள் குனியும்போது அந்தச் சங்கிலி முன்னால் விழுந்து சோற்றில் புரள்கிறது, கை கட்டியிருப்பதால் அவளால் தள்ள முடியவில்லை, நான் தள்ளிவிட்டிருக்கலாம், ஆண்கள் கோட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள், எழுந்தபோது நெற்றியில் மண், மூக்கில் பருக்கை, கண்ணில் என்னவொரு நம்பிக்கை, தண்ணி குடுங்க அத்தான், என்றாள், கொடுத்தேன், முழுச் செம்பையும் குடித்தாள். இந்தப் பிரகாரம் எனக்குக் கனவில் வரும், கனவில் வரிசையாகக் குனிந்திருப்பவை பசுக்கள், நான் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வருகிறேன், ஆறாவதாக வடிவு நிமிர்ந்து பார்க்கிறாள், என் ஊசியில் இருப்பது வெறும் தண்ணீர், அது எனக்கும் தெரியும், கனவில் இருக்கிற எல்லா மாட்டுக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது.

பிறகு டாக்டர்கள் நின்றுபோனார்கள், கோயில்கள் நின்றுபோயின, அத்தை போய்ச் சேர்ந்தாள், சாகும்போதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, எம்மவ வயிறு சரியில்லாமப் போச்சே மருமவனே, நீங்க தங்கமான மனுசன், வேற கட்டாம வச்சிருக்கீங்களே, என்றாள், தங்கமான மனுசன், நான் அத்தையின் போர்வையைச் சரி செய்தேன், வேறென்ன செய்வேன். வடிவு தன் பாசத்தையெல்லாம் தம்பி உலகநாதன் மகன்மேல் கொட்டினாள், நந்தகுமார், நந்து, எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளித்தான் அவர்கள், பிறந்ததிலிருந்து பாதி நாள் எங்கள் வீட்டில், அவளை அத்தை என்பான், என்னை மாமா என்பான், ப்ளஸ் டூ படிக்கிறான், மீசை அரும்பிவிட்டது, போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள், திங்கள் காலை உலகநாதன் பெண்டாட்டி ஓடி வந்தாள், மதினி, தாடையெல்லாம் வீங்கிட்டு, பொன்னுக்கு வீங்கிதான், எங்கிட்ட ரெட்டை வடம் இல்ல, அண்ணனுக்குப் போட்ட அந்தச் சங்கிலி ராசியான சங்கிலில்லா, என்கிறாள், வடிவு அடுப்பை அணைத்துவிட்டாள், இந்தா வந்துட்டேன், என் கழுத்தோடயே வாரேன், சூடு ஆறக் கூடாது, என்று செருப்பைக்கூட மாட்டாமல் போகிறாள், நான் வாயில் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு நிற்கிறேன். நாலு நாள் நானும் போய்ப் போய்ப் பார்த்தேன், முகத்தைத்தான் எல்லாரும் பார்த்தோம், சங்கிலி கழுத்தில் கிடந்தது, மாத்திரையும் போட்டான், வற்றுகிறது, நல்லா வற்றுகிறது என்றார்கள், வெள்ளிக்கிழமை வீக்கம் வடிந்துவிட்டது என்று வடிவு சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது நான் உள்ளே போனேன், பையன் கட்டிலில் கிடக்கிறான், காய்ச்சல் விட்டு வந்த முகமில்லை, மறுபடி சிவந்திருக்கிறது, தலையணையை மடியில் அணைத்திருக்கிறான், காலை அகட்டியிருக்கிறான், அந்தக் கிடை எனக்குத் தெரியும், அது நான் கிடந்த கிடை, கட்டிலில் கிடப்பது நந்துவா நானா, கட்டிலோரம் நிற்பது யார், வெந்நீர்ச் செம்பு எங்கே, எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க, என்று நான் போட்ட சத்தத்தில் உலகநாதனே பயந்துவிட்டான்.

கதவைச் சாத்தினேன், கட்டிலில் உட்கார்ந்தேன், நந்து, வேற எங்கயும் வலிக்காப்பா, என்றேன், தங்கையா கம்பவுண்டர் குரலில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, இல்ல மாமா, என்றான். அதே சொல், அதே மாதிரி, ஒரு எழுத்து மாறவில்லை, கெஞ்சினேன், எங்கிட்ட என்னடா வெக்கம், நான் மாட்டாஸ்பத்திரிக்காரன், இல்ல மாமா, ஒண்ணுமில்ல, என்கிறான், பல்லைக் கடித்துக்கொண்டு, கண் ஓரத்தில் தண்ணீர் நிற்கிறது, அப்போதுதான் அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்தது, இருபத்தெட்டு வருஷமாக வராதது, தானாக, யாரோ பேசுவது மாதிரி, எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு நந்து, கன்னத்துல வத்துன பொறவு கீழ எறங்குச்சு, ரெண்டு பக்கமும், கேட்டாங்க, நான் இல்லன்னுட்டேன், உங்க அத்தைக்கு ஒரு கொறையும் கெடையாது, எனக்குத்தான், எனக்கு விந்துல ஒண்ணுமே இல்ல, நானே பாத்தேன், அதான் எங்களுக்குப் பிள்ளை இல்ல, தெரிஞ்சும் நான் அவகிட்ட சொல்லல, நீயாவது சொல்லுடா. நந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், ஒரு பக்கம் மாமா, எடது பக்கம், நேத்து ராத்திரிலேருந்து, என்றான், நான் எழுந்து கதவைத் திறந்தேன், அந்த வீட்டில் கதவு சாத்தினாலும் பக்கத்து ஜன்னல் திறந்துதான் கிடக்கும், அது எனக்குத் தெரியாதா என்ன, தெரியும், அந்த நேரத்தில் நினைவில்லை, ஜன்னலோரம் வடிவு நின்றுகொண்டிருந்தாள், கையில் சங்கிலி, முகத்தில் ஒன்றுமே இல்லை, ஆட்டோ பிடிடா என்று உலகநாதனைப் பார்த்துக் கத்தினேன், அவன் ஆட்டோவோடு வந்துவிட்டான்.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சின்னப் பையன், பொறுமையாகப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், ஆமா, அந்த வைரஸ்தான், பெரிய பசங்களுக்கு இப்படி இறங்கும், வைரஸக் கொல்ல மருந்து கெடையாது சார், வலிக்கு மாத்திரை, ரெஸ்ட், ஐஸ் ஒத்தடம், இறுக்கமா ஜட்டி போட்டுத் தாங்கலா வைக்கணும், ஒரு பக்கம்தான், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, பின்னால ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாம், சின்னதுலயே தடுப்பூசி போட்டிருந்தா இந்தப் பாடு இல்ல, என்றார், உலகநாதன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான், பெரும்பாலும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். எல்லாரையும் அனுப்பிவிட்டு நான் மட்டும் திரும்பி உள்ளே போனேன், டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கேன், இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால ஒரு பையன், ரெண்டு பக்கமும் வீக்கம், அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா, என்றேன், அவர் என்னைப் பார்த்தார், சின்னப் பையன்தான், ஆனால் புரிந்துகொண்டார், பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது சார், வலியத்தான் கொறச்சிருப்பாங்க, உங்க மேல தப்பில்ல, என்றார், ஆறுதலாகத்தான் சொன்னார், இத்தனை வருஷமும் அந்த ஒரு இல்லையைத்தான் என் பாவம் என்று கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன், பத்தொன்பது வயதுப் பயல் வெட்கத்தில் சொன்னது, அவனைத் திட்டித் திட்டி ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறேன், அவன்மேல் தப்பே இல்லையாம், அப்படியென்றால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினவன் மட்டும்தான் மிச்சம், அவனுக்கு வயது முப்பது, வைரஸ் ஒன்றும் அவன் வாயைக் கட்டவில்லை. டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

உலகநாதன் வீட்டில் காலியாகக் கிடந்த நாற்காலியில் சங்கிலி சுருண்டு கிடந்தது, வடிவு வைத்துவிட்டுப் போயிருந்தாள், சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அலமாரியில் ஒரு தட்டில் வைத்தேன், அவள் வீட்டுக்கு வரவில்லை, நந்துவை டாக்டர் மூன்று நாள் அங்கேயே படுக்க வைத்திருந்தார், அவனுக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டாள், ஐஸ் வாங்கப் போனாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள், நான் போனால் வெளியே போவாள், நான் வந்தால் உள்ளே போவாள், நான் ஹோட்டலில் இட்லி தின்றேன், மாடு கத்துது என்று போன் வந்தது, போகவில்லை, மூன்று நாளும் அந்தத் தட்டைப் பார்த்தேன், கழுத்தில்லாமல் கிடக்கிற சங்கிலி எவ்வளவு சின்னது. இன்று மத்தியானம் வந்தாள், நந்துவைக் கூட்டிக்கொண்டு வந்து அவன் வீட்டில் விட்டுவிட்டு, காய்ச்சல் போய்விட்டது, வீக்கம் பாதி குறைந்திருக்கிறது, மற்றது போகப் போகத்தான் தெரியும், கால் கழுவினாள், தண்ணீர் குடித்தாள், நேராக வந்து எதிரில் உட்கார்ந்தாள், அழவில்லை, அழுது முடித்த மாதிரியும் இல்லை, ஒண்ணே ஒண்ணு கேக்கேன் அத்தான், நான் மண்சோறு தின்ன அன்னைக்கு, பக்கத்துல நின்னு தண்ணி குடுத்தீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா, என்றாள். முன்னாலா பின்னாலா என்பதுதான் அவள் கேள்வி, வேறொன்றும் அவளுக்கு வேண்டாம், அந்தச் சொல் என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, பழகின சொல், கூப்பிடாமலே வருகிற சொல், இல்ல என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள், நம்புவதற்காகத்தான் கேட்கிறாள், இருபத்தொரு வருஷத்தை எங்கேயாவது ஒரு மூலையில் ஒட்டவைத்துக்கொள்ள ஒரு இடம் கேட்கிறாள், கொடுத்தால் என்ன, கொடுத்துவிடேன் பாவி, தெரியும், என்றேன். அதுக்கு ரெண்டு வருசம் முன்னாலயே தெரியும் வடிவு.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், சரி, சரி, என்று யாருக்கோ சொல்வதுபோல் இரண்டு தரம் சொன்னாள், எழுந்து அலமாரிக்குப் போனாள், சங்கிலியை எடுத்தாள், போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று என் புத்தி கெட்ட மனது குதித்தது, அவள் என் பின்னால் வந்து நின்றாள், இரண்டு வடமும் என் கழுத்தில் வந்து விழுந்தது, சில்லென்று இருந்தது, யார் சூடும் இல்லை, மூன்று நாள் தட்டில் கிடந்த தங்கம், விரல்கள் கொக்கியைத் தேடுகின்றன, பிடரியில் முடி இப்போது குறைவு, நரைத்தது, அதையும் சேர்த்து இழுக்கின்றன, நான் ஆ என்று சொல்லவில்லை, வடிவு, என்ன செய்யுதே, என்கிறேன், அசையாதீங்க அத்தான், என்கிறாள், அதே பதினாறு வயதுக் குரல், கோபம் இல்லாத குரல், கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும், கொக்கி விழுந்தது, அவள் கையை எடுத்துக்கொண்டாள், உங்களுக்குத்தான் இன்னும் வத்தல, கெடக்கட்டும், என்ன அவசரம், வத்துன பொறவு குடுத்தாப் போதும், என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நாலு வீடு தள்ளி நந்து வீட்டுக்குப் போனாள்.